தழை இழுத்த தடம்

நம்மோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, மீதிப் பேருக்குச் சர்க்கரை. மாடிப்படி ஏறவே யோசிக்கும் இந்த வயதில் நான் சைக்கிளைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் படியுங்கள்.

காரணம் என் மகள்தான். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன மாதம் போன் செய்து, கூட வேலை செய்கிறவர்களோடு கல்வராயன் மலைக்கு வருவதாகச் சொன்னாள். காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டப் போகிறார்களாம். அதற்கென்றே தடித்த டயர் போட்ட சைக்கிள், ஏகப்பட்ட கியர், தலைக்கு ஹெல்மெட், முழங்கைக்குக் கவசம் எல்லாம் இருக்கிறதாம். எந்தப் பக்கமாக இறங்குகிறீர்கள் என்று கேட்டேன். கரியாலூர்ப் பக்கமிருந்து கோமுகி அணை வரைக்கும், தார் ரோட்டை விட்டுவிட்டு ஒற்றையடிப் பாதையில் என்றாள். தார் ரோட்டிலேயே இறங்கக்கூடாதா என்றேன். அம்மாக்களுக்கே உள்ள பயம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்தப் பாதையில் அவளுக்கு முன்பே நான் சைக்கிளில் இறங்கியிருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆறாம் வகுப்பில் நான் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தேனே, கேட்டவர்களிடமெல்லாம் கிணற்றுப் படியில் வழுக்கியதாகச் சொன்னேனே, அந்தக் கதைதான் இது.

பள்ளிக்கூடம் திடீரென்று மூடிய அந்த வாரம் உங்களுக்கு நினைவிருக்கும். இட ஒதுக்கீடு கேட்டு மறியல். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கம் லாரிகள் மைல் கணக்கில் நின்றன என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். நமக்கெல்லாம் பரீட்சை தள்ளிப்போனதில் ஒரே கொண்டாட்டம். யார் பக்கம் என்ன நியாயம் என்று எழுத நான் வரவில்லை, அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டில் நடந்தது மட்டும்தான்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் எந்த மரத்தையும் வெட்டவில்லை. தியாகதுருகம் போகும் ரோட்டில், ஆட்டுக்குத் தழை ஒடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இடுப்பில் அருவாள். வேனிலிருந்து இறங்கிய போலீஸ்காரர்கள் அருவாளைப் பார்த்தார்கள், பச்சைத் தழையைப் பார்த்தார்கள், ஏறு என்றார்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்தது அவருடைய செருப்புகள் மட்டும்தான். ரோட்டில் கிடந்ததை யாரோ எடுத்துவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். பெரியம்மா அந்தச் செருப்பைப் பார்த்தபடியே நாளெல்லாம் உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் ஆண்கள் யாரும் வீட்டில் படுக்கவில்லை. கரும்புத் தோட்டத்துக்குள் போய்விடுவார்கள். அம்மாவோ ரிஷிவந்தியம் பக்கத்தில் தன் தம்பி வீட்டுக்குப் போனவள், பஸ் நின்றுபோனதால் அங்கேயே மாட்டிக்கொண்டாள். என்னைத் தனியாக வீட்டில் விடவும் முடியாமல், கரும்புக்குள் இழுத்துப் போகவும் முடியாமல் அப்பா தவித்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்.

"மலைக்குப் போயிடலாம் பாப்பா. அங்க எவன் வரப்போறான்?"

அப்பா கருவாட்டு வியாபாரி. கடலூரிலிருந்து வரும் நெத்திலியையும் வாளையையும் வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மலைச் சந்தைக்குப் போவார். மலைக்காரர்கள் கருவாட்டுக்குப் பதிலாகச் சாமை கொடுப்பார்கள். நம் வகுப்பில் சிலர் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று மூக்கைப் பிடித்தது ஞாபகமிருக்கிறதா? அந்த வாசனை எங்கள் துணியில், தலைமயிரில், சைக்கிளின் சீட்டில்கூட இருந்தது. இப்போது ஏசி போட்ட கடையில் பாக்கெட்டில் அடைத்து விற்கிறார்கள். நீங்கள்தான் வாங்குகிறீர்கள்.

மலைக்கு ஏறும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். இறங்குவதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. மூட்டையும் ஆளும் ஏறிய சைக்கிளைப் பிரேக்கை மட்டும் நம்பி இறக்க முடியாது. ரப்பர் கட்டை பாதி வழியிலேயே தேய்ந்துவிடும். அதனால் மேலே கிளம்பும்போதே நல்ல அடர்த்தியான கிளை ஒன்றை வெட்டிக் கேரியருக்குப் பின்னால் கயிற்றில் கட்டிவிடுவார்கள். கிளை தரையில் இழுபட்டுக்கொண்டே வரும். அதன் கனம் சைக்கிளைப் பிடித்துப் பிடித்து மெதுவாக இறக்கும். தழை கட்டுவது என்று அதற்குப் பெயர். உப்பு விற்கிறவர், பாத்திரம் விற்கிறவர், துணி விற்கிறவர், மலைக்கு வந்துபோகும் எல்லா வியாபாரிகளும் அப்படித்தான் இறங்குவார்கள்.

லீவு நாட்களில் அப்பாவோடு போகும்போது நான் முன்பக்கத்து பாரில், நாலாக மடித்த துண்டின் மேல் உட்காருவேன். அப்பாவின் கைக்கு அடியில் தலையை நுழைத்துப் பின்னால் பார்ப்பேன். செம்மண் புழுதியில் தழை இழுத்த தடம் அகலமாக, கோடு கோடாக எங்களைத் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். டயரின் தடத்தை அது அப்படியே மூடிவிடும். எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காது. கீழே போய்ச் சேர்ந்ததும் தேய்ந்த கிளையை அணைக்கட்டுப் பக்கம் விறகு பொறுக்கும் பெண்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

அந்த முறை நாங்கள் மேலே போய்ச் சேர்ந்து, அப்பாவுக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தில் தங்கினோம். மறுநாள் சந்தை. சந்தையில் ஒரு மனிதர் கருவாடு வாங்க வந்தார். அவருக்கு முகத்தில் பாதி இல்லை. ஒரு கண் இருந்த இடத்தில் தோல் சுருங்கி மூடியிருந்தது, உதடு காதுப்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. கரடி அடித்ததாம். அணைக்குப் போகும் பாதையில், கறையான் தின்னப் புற்றைத் தோண்டிக்கொண்டிருந்த கரடி. அவர் நெத்திலியை முகர்ந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனிதர்தான். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். கருவாட்டு வாசனைக்குக் கரடி வருமா என்று மெதுவாக அப்பாவைக் கேட்டேன். அவர் காதில் அது விழவில்லை.

விழாததற்குக் காரணம் இருந்தது. பக்கத்தில் வெற்றிலை விற்றுக்கொண்டிருந்தவர் அப்போதுதான் ஒரு சேதி சொல்லிக்கொண்டிருந்தார். போலீஸ் மலைக்கு ஏறி வருகிறது, கீழேயிருந்து தப்பி வந்தவர்களைத் தேடுகிறார்கள், கையில் அருவாளோ பச்சை மரமோ இருந்தால் கேள்வி கேட்காமல் ஏற்றுகிறார்களாம். அவரும் பார்க்கவில்லை. யாரோ சொன்னதாக யாரோ சொன்னது. அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. சந்தை முடியும்முன்பே கடையைக் கட்டினார்.

தங்கியிருந்த வீட்டில் அன்றும் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை. போலீஸ் வருமுன் இறங்கிவிட வேண்டும் என்பதே அவர் யோசனை. ரோடு வழியாகப் போனால் வேனுக்கு எதிரே போய் நிற்கவேண்டியிருக்கும், காட்டுப் பாதையே தேவலை என்றார். வழக்கம்போல அந்த வீட்டுக்காரர் ஒரு கிளையை வெட்டிக் கொண்டுவந்து போட்டார். அப்பா அதைத் தொடவில்லை. தன் அருவாளையும் அவரிடமே கொடுத்து, பரணில் போட்டுவைக்கச் சொன்னார். பிடியில் பித்தளைப் பூண் போட்ட அருவாள் அது, தாத்தா வைத்திருந்தது. பிறகு நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை.

"தழ கட்டாம எப்படி எறங்குவ? புள்ள வேற கீது," என்றார் வீட்டுக்காரர்.

"கால ஊனி ஊனி எறங்கிடுவேன். பச்சத் தழயோட பாத்தாங்கன்னா எங்க அண்ணன் கதிதான் எனக்கும்," என்றார் அப்பா.

கேரியரில் சாமை மூட்டையும் அதன் மேல் காலியான கருவாட்டுக் கூடையும். பாரில் நான். பின்மதியத்தில் கிளம்பினோம். வானம் ஒரு பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

முதல் கொஞ்ச தூரம் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார். பிறகு, எங்கோ ஒரு சத்தம் கேட்டது. கல் உருண்ட சத்தமாக இருக்கலாம். அப்பா என்னைத் தூக்கி பாரில் வைத்து ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் டயரின் தடம் மட்டும் மெல்லிசாக வந்துகொண்டிருந்தது. தழையின் சரசரப்பு இல்லாமல் காடு ரொம்ப அமைதியாக இருந்தது. பிரேக் கட்டை சூடேறி ரப்பர் கருகும் நாற்றம் வர ஆரம்பித்தது. அப்பா செருப்புக் காலை முன்சக்கரத்தில் வைத்து அழுத்தினார், அதுவும் கருகியது. அவருடைய நெஞ்சு என் முதுகில் இடித்துக்கொண்டிருந்தது. அது அடிப்பது எனக்கே கேட்டது. பெரியவர்களுக்கும் பயம் வரும் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

"அப்பா, மெதுவா," என்றேன்.

"நிக்க மாட்டேங்குது பாப்பா," என்றார்.

அவர் அதைச் சாதாரணக் குரலில்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஒரு வளைவில் பாதைக்குக் குறுக்கே வேர் ஓடியிருந்தது. முன்சக்கரம் அதில் மோதித் திரும்பிக்கொண்டது. பெல் தானாக ஒருமுறை அடித்தது. அதன் பிறகு நான் உண்ணிச்செடிப் புதருக்குள் கிடந்தேன், வாயெல்லாம் மண்.

பாதையின் ஓரம் சரிவாகப் போய் வறண்ட ஓடை ஒன்றில் முடிந்தது. அப்பா ஓடைக்குள் கிடந்தார். சைக்கிள் அவர் மேல் கிடந்தது. மூட்டை கிழிந்து சாமை கற்களுக்கிடையே கொட்டிக் கிடந்தது. நான் தவழ்ந்து போய்ச் சைக்கிளை இழுத்தேன். அப்பாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் துண்டைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டார். கத்தவே இல்லை. என் முழங்கை தோலுரிந்து ரத்தம் வழிந்தது, அதை நான் வெகுநேரம் கழித்துத்தான் பார்த்தேன்.

அந்த ஓடையில் நாங்கள் எவ்வளவு நேரம் கிடந்தோம் என்று தெரியாது. மேலே பார்த்தால் பாதை தெரியவில்லை, புதர்தான் தெரிந்தது. அப்படியென்றால் பாதையில் போகிறவர்களுக்கும் நாங்கள் தெரியமாட்டோம். ஓடையின் எதிர்க்கரையில் ஒரு கறையான் புற்று இருந்தது. அது பாதி தோண்டப்பட்டிருந்தது. தோண்டிய மண் ஈரமாக, புதிதாக இருந்தது. நான் அதை அப்பாவிடம் சொல்லவில்லை. காலியான கருவாட்டுக் கூடையை மட்டும் எடுத்துத் தூரமாக எறிந்தேன். பிறகு என் பாவாடையை முகர்ந்து பார்த்தேன். அதிலும் கருவாட்டு வாசனைதான். சந்தையில் பார்த்த முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அப்போது சத்தம் கேட்டது. கீழேயிருந்து மேலே வரும் சத்தம். தகரத்தை யாரோ கட்டையால் தட்டுகிறார்கள். நடுநடுவே "ஊ" என்று நீளமாகக் கூவுகிறார்கள். நிறையக் காலடிகள். எனக்கு உயிர் வந்தது. வாயைத் திறந்தேன். அப்பாவின் கை வந்து என் வாயை மூடியது.

"மூச்சு காட்டாத."

மலைக்காரர்கள் கூட்டமாகக் காட்டில் நடக்கும்போது கரடி ஒதுங்கட்டும் என்று அப்படித்தான் தட்டிக் கூவிக்கொண்டு வருவார்கள். இது அப்பாவுக்குத் தெரியாததில்லை, எத்தனையோ முறை அவரே அவர்களோடு சேர்ந்து கூவியிருக்கிறார். ஆனால் அந்த வாரம் ரோட்டில் வேன் வரும்போதெல்லாம் எங்கள் ஆட்கள் அதே மாதிரிதான் கூவி ஒருவரையொருவர் எச்சரித்தார்கள். கூவல் கேட்டால் அடுத்து ஓட்டம், அடி, வேன். அதைக் கேட்டுக் கேட்டு அவர் காதுக்கு இப்போது எல்லாக் கூவலும் அதுவாகவே கேட்டது. நான் தலையை உதறினேன். அவர் இன்னும் அழுத்திப் பிடித்தார். அந்த உள்ளங்கையின் கருவாட்டு நாற்றமும் சைக்கிள் கிரீஸும் இன்றைக்கும் எனக்குத் திடீர் திடீரென்று மூக்கில் வரும். எனக்கு மூச்சு முட்டியது. தலைக்கு மேலே, நாலு ஆள் உயரத்தில், அவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு நடந்து போனார்கள். தகரச் சத்தம் தேய்ந்து தேய்ந்து மலைக்குள் மறைந்தது.

கீழே சீமெண்ணெய் வாங்கப் போய், ரோடு அடைத்திருந்ததால் வெறும் டின்னோடு திரும்பியவர்கள் அவர்கள். அப்பாவிடம் கருவாடு வாங்குகிறவர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பார்கள். மகளிடம் நான் இவ்வளவையும் சொல்லவில்லை. "விழுந்தா கத்து. யாரு வந்தாலும் சரி, கத்து," என்று மட்டும் சொன்னேன். சரிம்மா சரிம்மா என்று போனை வைத்துவிட்டாள்.

கையை எடுத்ததும் நான் அழுதேன். அப்பா என்னை அழாதே என்று சொல்லவில்லை. அவர் வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார். வலியில் வியர்வை ஊற்றியது, உதடு வெளுத்துவிட்டது. காய்ச்சல்காரன் பார்ப்பதுபோல மேலே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"டயர் தடம். டயர் தடம் தெரியும் பாப்பா. அதப் பாத்துக்கினே வந்துடுவானுங்க. மேல போய் ஒரு தழய ஒடிச்சி தொடச்சிட்டு வந்துடு."

அவர் சொன்னபடி போனேன். சரிவில் ஏற ஏற மண் வழுக்கியது, வேரைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். பாதைக்கு வந்ததும் யாருமில்லாத அந்தப் பாதை இரண்டு பக்கமும் வளைந்து மறைந்திருந்தது. தூரத்தில் இடி உருண்டது. உண்ணிச்செடியிலேயே ஒரு கிளையை முறித்தேன், முள் கையெல்லாம் கிழித்தது. மேல் வளைவுக்குப் போய் அங்கிருந்து விளக்குமாறு மாதிரி இப்படியும் அப்படியுமாகக் கூட்ட ஆரம்பித்தேன். கை வலித்தது. சீக்கிரம் முடிக்க வேண்டுமே என்று கிளையின் அடியைப் பிடித்துத் தரையில் இழுத்துக்கொண்டே நடந்தேன். கொஞ்ச தூரம் வந்து, சரியாகத் துடைத்திருக்கிறேனா என்று திரும்பிப் பார்த்தேன்.

பின்னால் அகலமாக, கோடு கோடாக ஒரு தடம் வந்துகொண்டிருந்தது. டயர் தடத்தை அது அப்படியே மூடியிருந்தது.

நான் நின்றுவிட்டேன். அது என்ன தடம் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும், ஆனால் ஓடையில் கிடந்த அப்பாவுக்கு அது ஞாபகத்தில் இல்லை. அவர் போலீஸுக்குப் பயந்தார். எனக்குப் போலீஸும் பயம்தான், பெரியப்பாவின் செருப்பை நானும் பார்த்தேன். ஆனால் அந்தப் புற்று மண் ஈரமாக இருந்தது. அப்பாவின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. இருட்டிவிட்டால் நான் என்ன செய்வேன்? எது பெரிய பயமோ அது சொன்னபடி செய்தேன். கிளையை இன்னும் நன்றாக அழுத்திப் பிடித்து, வளைவைத் தாண்டி, வேரைத் தாண்டி, பாதையின் ஓரம் வரைக்கும் இழுத்து வந்தேன். சரிவு தொடங்கும் இடத்திலேயே கிளையைப் போட்டுவிட்டு இறங்கினேன்.

"தொடச்சியா?" என்றார் அப்பா. தலையாட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் பயந்தது மழைக்கு. ஒரு சொட்டு என் கையில் விழுந்தது. ஒரு சொட்டு சைக்கிளின் மட்கார்டில் விழுந்து டக்கென்றது. மழை பிடித்தால் தடம் போய்விடும். எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு, பெய்யவேண்டாம், இன்றைக்கு மட்டும் பெய்யவேண்டாம் என்று கேட்டேன். ஊர் முழுக்க மழைக்கு ஏங்கிக் கிடந்த வருஷம் அது. அப்பாவின் கை எட்டாத இடமாகப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். யாராவது வந்தால் இந்தமுறை கத்திவிடவேண்டும் என்று முடிவெடுத்திருந்தேன்.

வந்தபோது கத்த முடியவில்லை. ஒரே ஒரு ஆளின் காலடிச் சத்தம். மெதுவாக, நின்று நின்று வந்தது. கரடியும் அப்படித்தானே நடக்கும்? வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. கனவில் கத்துவோமே, அந்த மாதிரி. பிறகு குழந்தை ஒன்று சிணுங்குவது கேட்டது. ஒரு பெண் அதைச் சமாதானப்படுத்தும் குரல் கேட்டது. கூட்டத்துக்குப் பின்தங்கி, இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தவள் அவள். எங்கள் தலைக்கு மேலே வந்ததும் காலடி நின்றது.

"இன்னாடா இது," என்று அவள் குழந்தையிடம் சொன்னாள். "தழ இழுத்த தடம் கீழ போவாம இங்கயே நின்னு பூடுச்சி. ஆளு எங்கடா?"

புதர் விலகியது. ஒரு முகம் எட்டிப் பார்த்தது. நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். அப்போதும் எனக்குக் குரல் வரவில்லை. அவள் வெறும் டின்னைக் கல்லில் ஓங்கி ஓங்கித் தட்டி, முன்னால் போனவர்களைக் கூவிக் கூப்பிட்டாள். மலைக்குள்ளிருந்து பதில் கூவல் வந்தது. அப்பா கைகளை ஊன்றிப் பின்பக்கமாக நகரப் பார்த்தார், முடியவில்லை. அப்பாவின் அந்த முகத்தை நான் மறக்க முயன்றிருக்கிறேன்.

வந்தவர்கள் எதையும் கேட்கவில்லை. கருவாட்டுக்காரரா என்று ஒருவர் கேட்டார், அவ்வளவுதான். மூங்கில் கழி வெட்டி, போர்வையைத் தூளியாகக் கட்டி, அப்பாவை அதில் போட்டார்கள். அவர்கள் வீடு மேலே இருந்தது, வைத்தியம் கீழே இருந்தது. அப்போதுதான் மூச்சு வாங்க ஏறிவந்த மலையைத் திரும்ப இறங்கினார்கள். குழந்தைக்காரி என் முழங்கையில் ஏதோ இலையைக் கசக்கி வைத்துத் தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். சைக்கிளை யாரும் எடுக்கவில்லை. ஓடைக்குள், சக்கரம் வானத்தைப் பார்க்க, அது கிடந்தது. நாங்கள் பாதி தூரம் போனபோது மழை பிடித்துக்கொண்டது.

அப்பா அதற்குப் பிறகு மலைக்கு ஏறவில்லை. கால் கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. கச்சிராயபாளையத்தில் ஒரு சின்னக் கடை போட்டு உட்கார்ந்தார். உங்களில் சிலர் அங்கே கமர்கட் வாங்கியிருப்பீர்கள். பெரியப்பா ஒரு மாதத்துக்கு மேல் கழித்து வீடு வந்தார், முன்பல் இல்லாமல். அதனால் அப்பா பயந்தது தப்பென்று நான் சொல்லவே மாட்டேன். பயந்தவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வாரம் போலீஸ் மலைக்கு ஏறவே இல்லை. மலையடி ரோட்டிலேயே மரம் கிடந்தபோது வேன் எப்படி ஏறும்? இதை யோசிக்க எனக்கே பல வருஷம் பிடித்தது. நாமெல்லாம் படிப்பு முடித்துப் பிரிந்த பிறகுதான் அப்பா இந்தக் கதையைக் கடையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார், சொல்லும்போதெல்லாம் ஒரே மாதிரிதான் முடிப்பார். நல்ல வேளை, பாப்பா தடத்தைத் துடைத்தது, இல்லாவிட்டால் போலீஸ்காரன் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போயிருப்பான் என்பார். மலைக்காரர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று யாராவது கேட்டால், தெய்வம் அனுப்பியது என்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பீடிக்கட்டு அடுக்கிக்கொண்டிருப்பேன்.

மலையடியில் அன்றைக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் அடிவாரத்துக்கு வரும்போது வெளிச்சம் மங்கியிருந்தது. ரோட்டின் குறுக்கே பெரிய புளியமரம் கிடந்தது, இலையெல்லாம் மழையில் நனைந்து புளிப்பு வாசம் அடித்தது. மரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கூட்டம். அப்பா துண்டை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். யார் என்று கூட்டத்தில் கேட்டார்கள். கருவாட்டுக்காரரு, வுழுந்துட்டாரு என்றார் தூளியை முன்னால் பிடித்திருந்தவர். அவ்வளவுதான். மரத்தைச் சாய்த்த கைகளே தூளியை வாங்கி, கிளைகளுக்கு மேலாக, ஒருவர் மாற்றி ஒருவராக அந்தப் பக்கம் கடத்தின. யாரோ மாட்டு வண்டி பூட்ட ஓடினார்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகும் குறுக்கு வழியை யாரோ சொன்னார்கள்.

வண்டியில் ஏற்றும்போது அப்பாவின் முகத்துக்கு மேல் டார்ச் வெளிச்சம் விழுந்தது. துண்டு விலகியிருந்தது. டார்ச் பிடித்திருந்தது, மறியலுக்குக் காவல் போட்டிருந்த ஒரு போலீஸ்காரர். நனைந்துபோய், தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்திருந்தார். வைக்கோலை நல்லா பரப்புங்க, கால் ஆடக்கூடாது என்று வண்டிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு அது எதுவும் கேட்கவில்லை. அவர் காக்கியை மட்டும் பார்த்தார். அவருடைய கை வைக்கோலில் துழாவி என் கையைப் பிடித்தது. விரல் ஒடிந்துவிடும் போல இறுக்கியது. என்னைத் தன் வாய்ப் பக்கம் இழுத்தார்.

"நல்லா தொடச்சியா பாப்பா? கடேசி வரிக்கும்?"

"தொடச்சிட்டம்பா," என்றேன். "கடேசி வரிக்கும்."

அப்போதுதான் அவர் என் கையை விட்டார்.